வியாழனிலிருந்து பிழை எதுவும் இல்லை

வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த அலுப்பில் அவன் டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பை அள்ளிப் போட்டுவிட்டான். தன் டம்ளரை வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. தொட்டியில் துப்பிவிட்டு, அக்காவின் கையிலிருந்து மற்ற டம்ளரைப் பிடுங்க ஓடினான். அதற்குள் அவள் அவ்வளவையும் குடித்து முடித்து, டம்ளரைக் கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் வைத்திருந்தாள்.

“உப்பைப் போட்டுட்டேன்க்கா.”

“அப்படியா,” என்றாள் அக்கா.

அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றான், மீதி வரும் என்று. அக்காவிடம் மீதி வராமல் இருந்ததே கிடையாது. டீ சூடாக இருந்தால் நாக்கு வெந்துபோச்சு, ஆறியிருந்தால் கழனித்தண்ணி, சர்க்கரை கூடினால் கொல்லப் பார்க்கிறாயா, குறைந்தால் கஞ்சப்பயல். ஃபேன் சத்தம், தலையணை மேடு, முழங்கால் குத்தல், எதிர்வீட்டு நாய், ஜன்னலில் வரும் வெயில், வராத வெயில். நாற்பத்தொரு வயதுவரை கேட்டுக் கேட்டு அவன் காது காய்த்துப்போயிருந்தது. இன்றைக்கு அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், வாயோரத்தில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. அதை மறைத்துப் பயனில்லை. நாள் முழுக்க வேலை, வந்தால் சமையல், துணி, மாத்திரை. ஒரே ஒரு சாயங்காலம் யாரும் எதையும் குறை சொல்லாமல் இருந்தால் எந்த மனுஷனுக்கும் அப்படித்தான் இருக்கும்.

நான்கு மாதம் முன்பு அக்காவின் நுரையீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் தூக்கத்தில் அவள் மூச்சு சில சமயம் நின்றுவிடும். யாராவது உலுக்கி எழுப்பினால் திரும்ப வரும். எழுப்பாவிட்டால் வராமலும் போகலாம் என்று டாக்டர் ஃபைலைப் பார்த்தபடி சொன்னார். ஆகவே அவள் எப்போது கண்ணயர்ந்தாலும் நெஞ்சில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்வாள். பட்டையின் வயர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டிக்குப் போகும். மூச்சு நின்றால் பெட்டி கத்தும். வீட்டில் இருந்தால் அவன் ஓடுவான். பகலில் கீழ்வீட்டுப் பெண்ணிடம் ஒரு சாவி கொடுத்திருந்தான், சத்தம் கேட்டால் அவள் மாடியேறி வருவாள். அக்காவின் உயிர் அந்தக் கத்தலில்தான் இருந்தது.

பெட்டி அவன் வேலை செய்யும் கம்பெனியின் தயாரிப்பு. அதற்குள் ஓடும் கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளில், மூச்சை அளக்கும் கார்டோடு பேசுகிற ‘டிரைவர்’ என்ற நிரலை எழுதியதும் அவன்தான். என் தம்பி டிரைவர் வேலை பார்க்கிறான், வண்டிதான் இன்னும் வாங்கித் தரவில்லை என்று அக்கா தெரு முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அவன் நேராக மூன்றாவது மாடிச் சோதனை அறைக்குப் போனான். ஜன்னல் இல்லாத அறை அது. இரும்பு அலமாரிகளில் நாற்பது பெட்டிகள் அடுக்கியிருக்கும், ஒவ்வொன்றின் பட்டையும் மூச்சு போல உப்பி இறங்கும் ஒரு ரப்பர் பையைச் சுற்றியிருக்கும். சூடான தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாடை எப்போதும் அடிக்கும். ஒவ்வொரு பெட்டியும் இரண்டு நிமிஷம் விழித்திருந்து, ‘டொக்’ என்று உள்ளே ஏதோ விழ, திரை இருண்டு தூங்கி, மறுபடி ‘டொக்’ என்று விழித்துக்கொள்ளும். நாற்பதும் வேறு வேறு நேரத்தில் அப்படிச் செய்வதால் அறை முழுக்க யாரோ பல பேர் இருட்டில் புரண்டு படுக்கிற சத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

பெட்டிக்கு எதற்குத் தூக்கம் என்றால், பேட்டரிக்காக. பட்டையைக் கழற்றினால் பெட்டி தூங்கிவிடும், கார்டுக்கு மின்சாரம் நின்றுவிடும். விழிக்கும்போது கார்டுக்குத் தன் அமைப்புகள் எதுவும் ஞாபகம் இருக்காது. எந்தக் கோளாறைச் சொல்ல வேண்டும், எதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று கார்டுக்குள் வரிசையாகச் சுவிட்சுகள் உண்டு. நோயாளிக்கு ஏற்றபடி மருத்துவமனையில் அதை அமைத்துத் தருவார்கள். ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் அத்தனையும் மறந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். அப்புறம் பட்டை அரை அங்குலம் நகர்ந்தாலும் கத்தும், திரும்பிப் படுத்தாலும் கத்தும், தும்மினாலும் கத்தும். நான்கு மாதமாக ராத்திரிக்கு ஏழெட்டுத் தடவை அவன் ஒன்றுமில்லாத கத்தலுக்கு ஓடியிருக்கிறான். வாங்கியவர்கள் எல்லாரும் இதையேதான் சொன்னார்கள். மேலாளர் அவனைக் கூப்பிட்டு, தூங்கி எழுந்தாலும் அந்த அமைப்புகள் மாறக் கூடாது, இந்த வாரத்துக்குள் முடி என்றார்.

அதைத்தான் எழுதினான். தூங்கப் போகுமுன் சுவிட்சுகளின் நிலையைக் குறித்துவைத்துக்கொள். விழித்ததும் அதே நிலையில் திருப்பி வை. மொத்தம் அறுபது வரி. புதன்கிழமை நாற்பது பெட்டிகளிலும் ஏற்றினான். அன்று சாயங்காலமே அக்காவின் பெட்டியிலும் ஏற்றினான். இப்போது திரையில் பதிவேட்டைத் திறந்தால், வியாழன் காலையிலிருந்து இப்போதுவரை நாற்பது பெட்டிகளுக்கும் சேர்த்துப் பிழை பூஜ்யம்.

மேலாளர் பின்னால் வந்து நின்றார். “பாத்தீங்களா? ஒண்ணு கூட இல்ல. இத்தனை நாள் இதுங்க எதுக்குத்தான் அழுதுச்சுங்களோ.”

அவன் சிரித்தான். நேற்று ராத்திரி அவனும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கியிருந்தான்.

சாயங்காலம் படியேறும்போது கீழ்வீட்டுப் பெண் கதவைத் திறந்தாள். காத்திருந்தவள் போலத் தெரிந்தது.

“அக்காவுக்கு இப்ப தேவலையா?”

“நல்லா இருக்காங்க. ஏன்?”

“காலைல குப்பை கொட்ட இறங்கினாங்க. அந்த வளைவுல வழுக்கி நாலு படி உருண்டாங்க. டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு, கால்லயிருந்து. நான் பதறிப்போய் ஓடியாந்தேன். அவங்க ஒரு வார்த்தை பேசல. எந்திரிச்சு, குப்பையக் கொட்டிட்டு, மேல போயிட்டாங்க.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அவங்க திட்டியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும்.”

வீட்டுக்குள் அக்கா சமையலறையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து சமையலறைக்கும் தட்டுகளைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தாள். இடது பாதம் கொஞ்சம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கணுக்காலில் எதுவோ நறநறத்தது, மணல் ஒட்டிய செருப்போடு சிமெண்டுத் தரையில் நடப்பது போல. அவள் வெறுங்காலோடுதான் இருந்தாள். அவன் பார்த்தான். நடக்கிறாள் அல்லவா, முறிந்திருந்தால் நடக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டான். ஏதாவது கேட்டால், பதில் சொல்ல ஆரம்பித்தால், பத்து மணியாகிவிடும். சாப்பிட்டுவிட்டுப் படுத்தான்.

சனிக்கிழமை காலை அவன் படுக்கையில் இருந்தபடியே மேலாளரோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தபோது வாடை வந்தது. முதலில் துணி சூடாகிற வாடை, கஞ்சி போட்ட காலர் இஸ்திரிக்கு அடியில் விறைக்கிற பழகிய வாடை. அப்புறம் அதற்குள்ளிருந்து இன்னொன்று, முடி பொசுங்குவது போல, தோல் செருப்பை அடுப்புக்குப் பக்கத்தில் விட்டது போல, மெல்ல மெல்லத் தடித்துத் தொண்டையின் பின்பக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. அவன் ஃபோனைக் காதில் வைத்தபடியே கூடத்துக்கு வந்தான். அக்கா மேஜையில் அவன் நீலச் சட்டையை விரித்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சட்டை நகராமல் இருக்க இடது கையை விரித்து அழுத்தியிருந்தாள். இஸ்திரிப்பெட்டி சட்டையின் தோளிலிருந்து இறங்கி வந்து, அந்த விரல்கள் மேல் ஏறி, மறுபக்கம் இறங்கிப் போனது. திரும்ப வந்தது. மறுபடி ஏறியது.

அவன் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்.

“சட்டை இன்னும் முடியல,” என்றாள் அக்கா.

விரல்களில் கொப்புளம் இல்லை. சிவக்கவும் இல்லை. மூன்று விரல்களும் காகிதப் பழுப்பில், வழவழவென்று இருந்தன. ஃபோனில் மேலாளர் ஹலோ ஹலோ என்றார். அவன் ஒரு கையால் மருந்து எடுத்துத் தடவி, துணி சுற்றி, ஃபோனில் “இருக்கேன் சார், சொல்லுங்க,” என்றான். செவ்வாய்க்கிழமை எப்படியும் டாக்டரிடம் போக வேண்டும், அப்போது காட்டிக்கொள்ளலாம். வலித்தால் சொல்லியிருப்பாள். ஐம்பத்திரண்டு வருஷத்தில் அவள் வலியைச் சொல்லாமல் விட்டதே இல்லை. சொல்லவில்லை என்றால் வலிக்கவில்லை என்றுதானே அர்த்தம். இதை யோசித்தபோது அவனுக்குச் சரியான கணக்காகவே பட்டது. களைத்த மூளைக்கு எதுவும் சரியாகத்தான் படும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஏதோ கெட்ட வாடை அடித்தது. இனிப்பாக, லேசாக. ஃப்ரிட்ஜில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக் கழுவினான். வாடை போகவில்லை. மத்தியானம் அக்கா பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தாள். பெட்டி ‘டொக்’ என்று விழித்தது. பச்சை விளக்கு. நிமிஷத்துக்குப் பதினாறு மூச்சு. அவன் நாற்காலியில் உட்கார்ந்து அரைத்தூக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினாறு. பதினாறு. முன்பெல்லாம் பதினான்கு, பத்தொன்பது, பதினொன்று என்று ஏறி இறங்கும். இப்போது பதினாறை விட்டு அசையவில்லை. ஓர் ஈ வந்து அக்காவின் கீழ் உதட்டில் உட்கார்ந்து, நிதானமாக நடந்து, வாயோரத்துக்குப் போனது. ஈயை விரட்டணும் என்று நினைத்தபடியே அவன் தூங்கிப்போனான்.

திங்கட்கிழமை சோதனை அறையில் ‘பிடுங்கி’ காத்திருந்தாள். சோதனைப் பிரிவில் வேலை செய்யும் பெண். ஓடுகிற பெட்டியில் வயரைப் பிடுங்கி, கார்டைப் பிடுங்கி, அது ஒழுங்காகக் கத்துகிறதா என்று பார்ப்பதுதான் அவள் வேலை என்பதால் அந்தப் பெயர். அவளும் கோபித்துக்கொள்வதில்லை.

“அண்ணா, பதினேழாம் பெட்டியக் கொஞ்சம் பாருங்க.”

பச்சை விளக்கு. பதினாறு மூச்சு.

“நல்லாத்தானே இருக்கு?”

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதுல வயர புடுங்கிட்டேன். கத்தல. சரின்னு கார்டையே புடுங்கிட்டேன்.” அவள் மேலங்கிப் பையிலிருந்து கார்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அது அவள் உடம்புச் சூட்டோடு வெதுவெதுப்பாக இருந்தது. “மூணு நாளா தூங்குது, எந்திரிக்குது, பதினாறுங்குது. யார் மூச்சுண்ணா இது?”

அவன் உட்கார்ந்து தன் அறுபது வரியைத் திறந்தான். கோளாறு கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. தூங்கப் போகும்போது கார்டுக்கு மின்சாரம் அறுபடும். அப்போது அது பயந்து கத்திவிடக் கூடாது என்று, யாரோ பல வருஷம் முன்பே ஒரு வரி எழுதி, எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவைத்திருந்தார்கள். அவனுடைய குறித்துக்கொள்ளும் வேலை அந்த வரிக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். பின்னால் வைத்திருந்தான். வாயைக் கட்டிய பிறகு போய், இதன் வாய் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறான். பெட்டி விழித்ததும், எழுதியபடியே, கொஞ்சமும் தவறாமல், கட்டிவைக்கிறான். முதல் தூக்கம்வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் கார்டு வாய் திறக்காது. திரையில் கடைசியாக வந்த நல்ல எண் அப்படியே நிற்கும்.

இதைச் சோதித்துத்தான் ஏற்றியிருந்தான். குறித்ததும் திருப்பி வைத்ததும் ஒன்றா என்பதுதான் அவன் எழுதிய சோதனை. குறித்ததும் அணைந்த நிலை, திருப்பி வைத்ததும் அணைந்த நிலை, இரண்டும் ஒன்றுதான். நாற்பது பெட்டியிலும் தேர்ச்சி.

அப்புறம்தான் வீட்டுப் பெட்டி நினைவுக்கு வந்தது. புதன் ராத்திரி அக்கா அதோடு தூங்கினாள். வியாழன் காலை பட்டையைக் கழற்றினாள். பெட்டி தூங்கியது. வியாழன் மத்தியானம் அவள் படுத்தபோது விழித்தது.

வீட்டுக்கு ஃபோன் போட்டான், முதல் மணியிலேயே அக்கா எடுத்தாள்.

“அக்கா, நான் வர்றவரைக்கும் படுக்காத. உக்காந்தே இரு. புரியுதா?”

“சரி,” என்றாள் அக்கா.

ஏன் என்று கேட்கவில்லை. எதுக்குடா, என்னடா ஆச்சு, சாப்பிட்டியா இல்லியா, எதுவும் இல்லை. அவன் படியில் ஓடி இறங்கினான். வெளியே வெயிலில் கண் கூசியது. பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையில் லேப்டாப்பை மடியில் வைத்து, அந்தக் குறித்துக்கொள்ளும் வரிகளை வெட்டி மேலே ஒட்டினான். அவ்வளவுதான் திருத்தம். ஓர் இடத்தில் எடுத்து இன்னோர் இடத்தில் வைப்பது.

வீட்டைத் திறந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. அறையில் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது. துணியின் பழுப்பு வழியே வடிந்த வெளிச்சத்தில், இனிப்பான அந்த வாடைக்கு நடுவே, அக்கா பட்டையைக் கட்டிக்கொண்டு மல்லாந்து படுத்திருந்தாள். பச்சை விளக்கு. பதினாறு. எங்கோ தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

கார்டுக்கு ஒரு குணம் உண்டு. வெளியே சொல்லக் கூடாது என்று அணைத்துவைத்தாலும், நடந்ததை உள்ளே குறித்துக்கொண்டே இருக்கும். தூக்கத்திலும் அது அழியாது. யாராவது படித்து, கையால் துடைக்கிறவரை அப்படியே கிடக்கும். அவன் பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் வயர் போட்டுப் படித்தான்.

வியாழன், பிற்பகல் 3:10. மூச்சு நின்றது.

அடுத்த வரியில் மூச்சு திரும்பியது என்று இருக்க வேண்டும். தேடினான். வியாழன், 4:02, பட்டை கழற்றப்பட்டது. வியாழன், இரவு 10:30, பட்டை கட்டப்பட்டது, மூச்சு இல்லை. வெள்ளி, மூச்சு இல்லை. சனி, மூச்சு இல்லை. ஞாயிறு, அவன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானம் முழுக்க, மூச்சு இல்லை.

கார்டு கெட்டிருக்கும். கட்டாயம் கெட்டிருக்கும். ஒரு கார்டு கெட்டுப்போவது உலகத்தில் நடக்காததா. அவன் குனிந்தான். ஆள்காட்டி விரலை அக்காவின் மூக்குக்குக் கீழே கொண்டுபோனான். பொறுத்தான். பத்து எண்ணினான். இருபது.

ஒன்றும் வரவில்லை.

முப்பது.

விரலில் சூடு இல்லை. காற்று இல்லை. நெஞ்சு அசையவில்லை. நாற்பது.

அக்கா கண்ணைத் திறந்தாள்.

“வந்துட்டியா,” என்றாள்.

அவன் பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டான். அவள் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். கண்ணின் ஈரம் காய்ந்து, மேலே மங்கலாக ஒரு படலம் இருந்தது. அதற்குள் அக்காவின் கண்தான் இருந்தது.

“அக்கா.” மறுபடி சொன்னான். “அக்கா, உக்காந்திருன்னு சொன்னேன்ல.”

“களைப்பா இருக்கும்னு படுத்தேன். களைப்பா இல்ல.” அவள் கொஞ்சம் யோசித்தாள். “ஒண்ணுமே இல்ல.”

ஓடிவிடலாம். கதவு திறந்தே கிடந்தது. நான்கு அடி. ஆனால் கட்டிலில் கிடப்பது அவனைத் தோளில் போட்டு வளர்த்தவள், அவன் காய்ச்சலில் கிடந்த ராத்திரிகளில் தன் இடுப்பு வலியையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தவள். அவளிடமிருந்து ஒரே ஒரு குறை வந்தால் போதும் என்று இருந்தது அவனுக்கு. டீ சரியில்லை என்றாவது. நீ சரியில்லை என்றாவது. திருத்தியதை ஏற்றினால் கார்டு பேசும். தான் கெட்டுப்போனதைச் சொல்லும். அப்போது எல்லாம் சரியாகிவிடும். அவளை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவான், ஏன் இவ்வளவு லேட் என்று டாக்டர் திட்டுவார், வாங்கிக்கொள்வான். அந்த நம்பிக்கையைத்தான் அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

“அப்படியே படுத்திருக்கா. பெட்டிய சரி பண்ணிடறேன்.”

“சரி.”

லேப்டாப்பை இழுத்துத் திருத்தியதைத் திறந்தான். ஏற்றினான். சுவிட்சுகளை மருத்துவமனை தந்த நிலையில் ஒவ்வொன்றாகப் போட்டான். இனி ஒரே ஒரு வேலை. பெட்டி ஒருமுறை தூங்கி எழ வேண்டும். அப்போதுதான் புதியது பிடிக்கும். கட்டளையைக் கொடுத்தான்.

டொக்.

திரை இருண்டது. பச்சை அணைந்தது.

அக்காவின் கண்கள் மூடிக்கொண்டன. அதே நொடியில்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். குழாய்ச் சொட்டுகூட நின்றுவிட்டது போல் இருந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

டொக்.

சிவப்பு.

பெட்டி கத்தியது. நான்கு நாளாகக் கேட்காத கத்தல், சின்ன அறையில் சுவருக்குச் சுவர் மோதி, காதில் ஊசியாக இறங்கியது. திரையில் பதினாறு போய்விட்டது. பூஜ்யம். கீழே கார்டு அடைத்துவைத்திருந்ததெல்லாம் வரிவரியாக இறங்க ஆரம்பித்தது. கார்டு கெட்டதாக ஒரு வரிகூட அதில் இல்லை. வியாழன், 3:10.

அக்காவின் உதடு பிரிந்தது.

“முட்டுது,” என்றாள்.

அது அக்காவின் குரல். அவளுடைய சொந்தக் குரல், நான்கு நாளாக அந்த வீட்டில் இல்லாத குரல். அவனுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒரு கணம் உண்மையாகவே சந்தோஷப்பட்டான்.

“முட்டுதுடா. மூச்சு வரல. கூப்பிட்டேன், யாரும் வரல. நெஞ்சு வெடிக்குது. வெடிச்சுகிட்டே இருக்கு, முடியவே மாட்டேங்குது. கால். கால் ஒடிஞ்சிருக்குடா, எலும்பு உள்ள குத்துது, நான் அதுல நடந்தேன், ரெண்டு நாள், மூணு நாள், அதுல நடந்தேன். கை எரியுது. தூக்கு, அதத் தூக்கு, கை மேல இருக்குடா, எரியுது, உள்ள என்னமோ ஊருது, வயித்துல, கண்ணுக்குப் பின்னால, எல்லாம் ஊருது…”

திரையில் ஒரு வரி இறங்க, அவளிடமிருந்து ஒரு வரி வந்தது. நடுவில் இடைவெளி இல்லை. யாரும் பேச்சுக்கு நடுவே காற்றை உள்ளே இழுப்பார்கள் அல்லவா, அது இல்லை. பட்டைக்குக் கீழே நெஞ்சு பலகையாகக் கிடந்தது. உடம்பு மட்டும் வில்லாக வளைந்து கட்டிலிலிருந்து எழும்பியது.

“அக்கா. அக்கா, போதும்கா.”

நிற்கவில்லை. அவன் அவள் தோளைப் பிடித்தான். சில்லென்று இருந்தது. உலுக்கினான். உலுக்கினால் வரும் என்றுதானே சொல்லியிருந்தார்கள். உலுக்கினான். வரவில்லை. குரல் உயர்ந்துகொண்டே போனது. கீழே கதவு திறக்கும் சத்தம். படியில் காலடி. சாவி.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. சத்தத்தை நிறுத்துகிற பொத்தான். அதை அமுக்கினால் எல்லாச் சுவிட்சும் அணையும். அவன் கட்டைவிரல் தானாக அங்கே போனது. அவளுக்கு வலிக்கிறதே என்றுதான் போனது என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள முடியும். காது தாங்கவில்லை என்பதும் உண்மை.

துணி சுற்றிய கை வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

“நிறுத்திடாதடா,” என்றாள் அக்கா. வலியில் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கண் அவன் மேலேயே இருந்தது. “தாங்க முடியல. ஆனா நிறுத்திடாத. நாலு நாளா உள்ளயே கத்திகிட்டு இருந்தேன். நீ பக்கத்துலதான் உக்காந்திருந்த. ஒரு வார்த்தை கேக்கல. இப்பக் கேளு. உக்காரு. முழுசா கேளு.”

அறை வாசலில் கீழ்வீட்டுப் பெண் சாவியோடு நின்றாள். அவள் பார்வை திரையில் இருந்த பூஜ்யத்துக்குப் போனது, அங்கிருந்து கட்டிலில் ஓயாமல் அசைகிற வாய்க்கு வந்தது, அவள் மெல்லச் சரிந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் கட்டைவிரல் இன்னும் பொத்தான் மேல்தான் இருந்தது. திரையில் வெள்ளிக்கிழமை முடிந்து சனிக்கிழமை ஆரம்பித்திருந்தது. அக்கா அவன் மணிக்கட்டை விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள்.